முப்பத்தாறு தொட்டிகளின் விடியல்

உட்கார்ந்தே வேலை பார்க்கிறவளுக்கும் உடம்பு நோகும் என்பதை அந்த வீட்டில் யாரும் நம்பத் தயாராக இல்லை.

வலது கட்டைவிரலின் அடியில் தொடங்கிய வலி மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கி, தோள்பட்டைக்கு ஏறியிருந்தது. சின்னவள் டீ டம்ளரை இடது கையால் பிடித்துக் குடித்தாள்.

"என்ன, வாத்தியாரம்மாவுக்குக் கை சுளுக்கா?" என்றார் மாமா. அக்காவின் வீட்டுக்காரர். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். "நான் இருபது மாடிக்கும் கம்பி வடத்தை இழுத்துட்டு வர்றேன். நீ மவுஸைப் பிடிச்சுக் கையை வீங்க வச்சிருக்க. இந்த வீட்டுல யாரு பெரிய கூலின்னு இன்னிக்குத் தெரிஞ்சு போச்சு."

"சும்மா இருங்க. பிள்ளை மூணு மணி நேரம்கூடத் தூங்கல," என்றாள் அக்கா.

அக்காவும் டம்ளரை இடது கையில்தான் பிடித்திருந்தாள். அதை மாமா பார்த்தார். அதைப் பற்றி அவர் எந்த நக்கலும் பேசவில்லை.

போன வாரம் முழுக்க வீட்டில் பேச்சே இரண்டுதான். ஒன்று அக்காவின் தோள். பத்துக் கிலோவுக்கு மேல் தூக்காதே என்று டாக்டர் சொன்னார். அக்கா சரி என்றாள். மறுநாளே, தான் வேலை பார்க்கிற பல்கலைக்கழகப் பசுமைக்குடிலில் இருபது கிலோ மண் மூட்டையைத் தோள் மாற்றித் தூக்கினாள். இரண்டாவது பேச்சு, இன்றைய பிற்பகல் மூன்று மணி. ஐந்தரை வருடமாகச் செய்த ஆய்வை எல்லோர் முன்னாலும் சின்னவள் இன்று விளக்கிச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். அவர் தலையசைத்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம்.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அதைச் சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை.

"எனக்கு ஒண்ணு சொல்லு," என்றார் மாமா, சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "ஃபிரெண்டுங்க கேட்டா, மச்சினிச்சி என்ன படிக்கிறான்னு நான் என்ன சொல்றது? செடிக்குள்ள யாரு யாருக்கு போன் போடறாங்கன்னு ஒட்டுக்கேக்கறாள்னு சொல்லிட்டு இருக்கேன். சரிதானா?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தரை வருடத்தில் அவளே அதை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

ஒரு செடிக்குள் இருபதாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். தண்ணீர் கிடைக்காதபோது சில எழும், சில அடங்கும். சேர்ந்து எழுந்து சேர்ந்து அடங்குகிறவற்றைக் கணினியில் கோடு போட்டு இணைத்தால் ஒரு வலை கிடைக்கும். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று அந்த வலை காட்டும். அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வலையில், பன்னிரண்டு நாள் காயப்போட்ட செடிகளில், விடியற்காலையில் மட்டும் ஒரு விசித்திரம் நடந்தது. நாற்பத்து மூன்று மரபணுப் புள்ளிகள் சேர்ந்தாற்போல் அடங்கின, வயிறாரத் தண்ணீர் குடித்துவிட்டுத் திண்ணென்று உட்கார்ந்தவர்களைப் போல. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. செடி தானாகவே விடியலின் ஈரத்தை முன்கூட்டி உணர்ந்து ஆசுவாசப்படுகிறது என்று அவள் எழுதினாள். அதுதான் நான்காம் அத்தியாயம். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அதற்கு 'விடியல் கூட்டம்' என்று பெயர் வைத்தார். போன மாதம் கட்டுரையாக்கி வெளியே அனுப்பியும் விட்டார்.

யாரிடமும் சொல்லாத அந்த மூன்றாவது சங்கதி இதுதான். நான்கு மேசை, மேசைக்கு முப்பத்தாறு தொட்டி. விடியல் கூட்டம் கடைசி மேசையில் மட்டும்தான் இருந்தது. மற்ற மூன்று மேசைச் செடிகளுக்கு விடிந்ததே தெரியவில்லை.

*

முதல் பேருந்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் தூங்கினார்கள். ஓட்டுநரும் தூங்குகிறாரோ என்று சந்தேகம் வரும்படி பேருந்து மெதுவாகப் போனது.

சின்னவள் அக்காவின் இடது தோளில் சாய்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் பனியில் ஊறிப் பெரிதாகி, ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகி, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே மின்கம்பி கோடாகி ஓடியது. கண்ணை மூடினாலும் அது நிற்கவில்லை. கடைக்காரன் ஒரு புள்ளி. பால் வண்டி ஒரு புள்ளி. மாமா லிஃப்ட் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு எதிர்ப்புள்ளியிடம் ஏதோ கத்துகிறார், காதில் விழவில்லை. அக்காவின் புள்ளியிலிருந்து மட்டும் எண்ண முடியாத கோடுகள் கிளம்பின. எல்லாம் எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்து போனால், எல்லாமே ஒரே இடத்துக்கு வந்தன.

"எந்திரி குட்டி. வாயைத் தொடைச்சுக்க. எச்சில் என் சட்டையில."

பசுமைக்குடிலின் உள்ளே வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. கண்ணாடிக் கூரையில் ஈரம் கோர்த்துக்கொண்டு, எப்போது விழலாம் என்று காத்திருந்தது. பின்கோடியில் பெரிய மின்விசிறி வீசிக்கொண்டிருந்தது. சின்னவள் நேரே கடைசி மேசைக்குப் போனாள். மூன்று மணிக்கு முன்னால் இந்த மேசையை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரியாது. இப்போது அங்கே இருப்பவை வேறொருவரின் செடிகள். அவையும் காயப்போட்டவை. இலைகள் மடிந்து, தலை குனிந்து, திட்டு வாங்கிய பிள்ளைகளைப் போல் நின்றன.

அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்தாள். செடிகளைப் பார்த்தாள்.

"பாவமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா இதுங்களுக்கெல்லாம் நான் தர்றதில்ல."

"என்னக்கா தர்றதில்ல?"

"தண்ணிதான். உன்னோடதுங்களுக்கு மட்டும்தான் தந்தேன்."

கதவைச் சாத்திவிட்டேன் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

மின்விசிறியின் சத்தம் சின்னவளுக்குத் தூரத்தில் போய்விட்டது. கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அது தரையைத் தொட ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது.

"எவ்வளவு?"

"இந்தா, இந்த மூடி. ஒரு தொட்டிக்கு ஒரு மூடி. கடைசி மேசைக்கு மட்டும். விசிறிக் காத்து நேரா அடிக்கிறது அங்கதானே, அதுங்கதான் மொதல்ல சுருண்டுச்சுங்க."

"எத்தனை நாள்?"

"ஏழாம் நாள்ல இருந்து. கடைசி வரைக்கும்."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சேகால். நீங்கள்லாம் இலை வெட்டக் கத்தரிக்கோலைத் தூக்கிட்டு ஆறு மணிக்குத்தானே வருவீங்க?"

சின்னவள் மண் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"ஏங்கா?"

அக்காவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "ஏன்னா? அதுக்கு முந்தின வருஷம் ஏசி நின்னுபோய் மொத்தமும் செத்துச்சே, மறந்துட்டியா? மூணு நாள் குளியலறையில அழுத. குழாயைத் திறந்துவிட்டு அழுதா எனக்குக் கேக்காதுன்னு நினைச்சியா? இன்னொரு தடவை அந்தச் சத்தத்தை என்னால கேக்க முடியாது. அதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விடுவியா நீ?"

வெளியே மண் லாரி வந்து நின்றது. கிடங்குக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். அக்கா மூடியைத் திருகி, பாட்டிலைச் சின்னவளின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

"சாப்பிடாம மேடை ஏறாத. மயங்கி விழுந்தா நான்தான் தூக்கணும். பத்துக் கிலோதான் எனக்கு அனுமதி."

*

ஆய்வுக்கூடத்தில் அவளோடு வேலை செய்கிறவனுக்கு அரைப்புள்ளி என்று பெயர். யார் எழுதிய நிரலில் எந்த வரி முடிவில் அரைப்புள்ளி விட்டுப் போயிருந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். சொந்தச் சட்டையில் பொத்தான் இல்லாதது மட்டும் தெரியாது.

"நாள் வாரியாப் பிரிச்சு ஓட்டணும்," என்றாள் சின்னவள். "ஐஞ்சாம் நாள் சாம்பிள் தனி. எட்டு தனி. பதினொண்ணு தனி. கடைசி மேசை மட்டும்."

"இன்னிக்கா? மூணு மணிக்குப் பேச்சை வச்சுக்கிட்டு?"

"இன்னிக்குத்தான்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

நாற்பது நிமிடம் ஓடும் கணக்கு அது. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. சின்னவளுக்குக் கண் சொருகியது. வேலைக்குப் போன இடத்தில் செங்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் நிற்கிற பதினாறு வயது அக்கா வந்தாள். கீழே பள்ளிச் சீருடையில் நிற்கிற தங்கச்சியைப் பார்த்து, "மேல பாக்காத, கண்ணுல தூசு விழும்," என்றாள். தூசு மெதுவாக இறங்கியது. ஒவ்வொரு தூசும் ஒரு புள்ளி.

"முடிஞ்சிருச்சு," என்றான் அரைப்புள்ளி.

ஐந்தாம் நாள் வலையில் விடியல் கூட்டம் இல்லை. நாற்பத்து மூன்று புள்ளிகளும் ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடந்தன. எட்டாம் நாள் வலையில் அவை கைகோத்திருந்தன. பதினொன்றாம் நாளில் இன்னும் நெருக்கமாக.

ஏழாம் நாளிலிருந்து என்று அக்கா சொன்ன கணக்கு கணினிக்கும் தெரிந்திருந்தது. இத்தனை மாதமும் மூன்று நாளையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, அவள்தான் அதைப் பேச விடவில்லை.

"யாரோ தண்ணி விட்டிருக்காங்க," என்றான் அவன் மெல்ல.

"ஆமா."

"யாருன்னு என்கிட்ட சொல்லாத. தெரிஞ்சா நானும் பொய் சொல்ல வேண்டியிருக்கும்." திரையைப் பார்த்தபடியே, "இருபத்தேழாம் சிலைடைத் தூக்கிடு. மீதி மூணு அத்தியாயமும் சுத்தமா இருக்கு. அது போதும். யாருக்கும் தெரியாது."

"கட்டுரை போயிருச்சே. சார் பேரும் அதுல இருக்கு."

அவன் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. பேராசிரியர். நகக்கண்ணில் எப்போதும் மண் இருக்கும் மனிதர். இன்று டை கட்டியிருந்தார், அது அவரைக் கொஞ்சம் திருடனைப் போல் காட்டியது.

"தயாரா? இருபத்தேழுல நிறுத்தி நிதானமாச் சொல்லணும். அவசரப்படாத. எக்ஸ்டர்னல் அம்மா அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்காங்க."

"சார்..."

"குடில் ஆளுங்க எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். அவங்க இல்லாம நாம எதைப் பறிச்சு எதை அரைக்கிறது? உங்கக்காவையும் கூப்பிட்டிருக்கேன். அவங்க நிரந்தர ஆணை என் மேசையிலதான் கிடக்கு. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுருவேன். ஆறு வருஷம் தற்காலிகம்! ஒரு புகார் கிடையாது, தெரியுமா? ஒரே ஒரு புகார்கூடக் கிடையாது."

சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

காயப்போட்ட செடியில் கை வைத்த ஆளைக் குடிலில் ஒரு நாளும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அது சின்னவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் அப்படித்தான் போனார். மதியச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொள்ளக்கூட அவருக்கு நேரம் கொடுக்கவில்லை.

மடிக்கணினியை மூடினாள். தண்ணீர் விட்டதைச் சொல்லியாக வேண்டும். விட்டது யார் என்பதைச் சொல்லக் கூடாது. அவளிடம் இருந்தது அந்த ஒரு திட்டம்தான்.

*

மூன்று மணிக்கு மண்டபத்தில் திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். வெயில் திரையின் ஓரங்களில் மட்டும் ஒழுகியது. புரொஜக்டர் வெளிச்சத்தில் தூசு மிதந்தது.

அக்கா கடைசி வரிசையில் இருந்தாள். நீல உடுப்பு, இஸ்திரி போட்டது. நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்து யாருக்காவது இடம் கொடுக்கத் தயாராக இருக்கிறவளைப் போல் உட்கார்ந்திருந்தாள்.

முதல் இருபத்தாறு படங்கள் எப்படிப் போயின என்று பிறகு யோசித்தால் சின்னவளுக்கு நினைவில்லை. யாரோ அவளுடைய குரலில் பேசினார்கள். கேட்க நன்றாகவே இருந்தது. இடையில் ஒரு முறை மண்டபம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள், புரிந்ததால் அல்ல, தங்கச்சி பேசி நாலு பேர் சிரித்ததால்.

இருபத்தேழு.

இருட்டில் வலை பெரிதாக விரிந்தது. நடுவில் நாற்பத்து மூன்று புள்ளிகள், பொன்னிறத்தில், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு. மண்டபத்தில் யாரோ "அடடா" என்றார்கள். அது அவ்வளவு அழகாக இருந்தது. இனி அதைக் கொல்ல வேண்டும்.

"இந்தக் கூட்டத்தைச் செடி தானாகவே உண்டாக்குதுன்னு நாங்க எழுதியிருக்கோம்," என்றாள். "அது தப்பு. இது கடைசி மேசையில இருந்த முப்பத்தாறு தொட்டியில மட்டும்தான் இருக்கு. அந்தத் தொட்டிகளுக்கு ஏழாம் நாள்ல இருந்து தினமும் விடியற்காலை அஞ்சேகாலுக்கு, தொட்டிக்கு ஐந்து மில்லி தண்ணி கிடைச்சிருக்கு. இன்னிக்குக் காலையிலதான் சரிபார்த்தேன். ஐஞ்சாம் நாள் வலையில இது இல்லை. இது கண்டுபிடிப்பு இல்லை. பரிசோதனையில நடந்த பிழை."

முன்வரிசையில் பேராசிரியர் டையைத் தளர்த்தினார்.

வெளித் தேர்வாளர் வயதான பெண்மணி. வெட்டிவிட்ட வெள்ளை முடி. பேசும்போது குரலை உயர்த்துகிற வழக்கமே இல்லாததால் எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. கையில் பென்சில்.

"யார் விட்டது?"

சாதாரணமாகத்தான் கேட்டார், மணி என்ன என்று கேட்கிற மாதிரி. கடைசி வரிசையில் அக்காவின் கை மடியிலிருந்து கிளம்பியது. மறைக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியாது. கேட்டார்கள், சொல்லப் போகிறாள். கை தோளுயரத்துக்கு வந்து, வலித்து, அங்கேயே நின்றது.

"நான்தான்," என்றாள் சின்னவள்.

அக்காவின் கை இறங்கியது.

"எதுக்காக?"

"செத்துடுமோன்னு பயமா இருந்தது. முந்தின வருஷம் எல்லாம் செத்துப் போச்சு."

இந்தப் பதில் முழுக்க உண்மை. ஆள்தான் வேறு.

"ம். எங்க விட்டீங்க?"

சின்னவள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. எங்கே விடுவார்கள்? தண்ணீரை எங்கே விடுவார்கள்?

"மண்ணுல. வேரோரமா."

பென்சில் இரண்டு சொல் எழுதியது. பிறகு நின்றது.

"நல்லாத் தெரியுமா? இலையில படலையே?"

"இல்லை. மண்ணுலதான்."

"சரி," என்றார் அவர். முகத்தில் ஏதோ ஒரு விளக்கு அணைந்தது. "அப்போ இதுல பேச ஒண்ணும் இல்லை. வேருக்குத் தண்ணி போனா செடி ஆசுவாசப்படும்கிறது தோட்டக்காரருக்கெல்லாம் தெரியும். இலை வழியாப் போய், முக்கால் மணி நேரத்துல இத்தனை மரபணு ஒண்ணாச் சேர்ந்திருந்தா அது வேற கதை. அதைத் தேடித்தான் நானே பத்து வருஷமா அலையறேன்."

பிறகு தீர்ப்பு மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் மூன்று அத்தியாயங்களும் நன்றாக இருக்கின்றன. நான்காவது போக வேண்டும். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். என்ன நடந்தது என்று ஏழு நாளுக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது வந்த பிறகுதான் மற்றது.

விளக்குகளைப் போட்டார்கள். வலை வெளிறிப் போய், சுவரில் அழுக்கு மாதிரி தெரிந்தது.

*

நடைபாதையில் பேராசிரியர் அவளைக் கடந்து போனார். நின்றார். திரும்பாமலே பேசினார்.

"இன்னிக்குச் சொன்னதுக்கு உன்னை மதிக்கிறேன். அன்னிக்குச் செஞ்சதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. உன் கையிலயா நான் இத்தனை தொட்டியையும் கொடுத்தேன்?"

போய்விட்டார். அவரை அழைத்து நிறுத்த ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவள் வாயில் இருந்தது. விழுங்கினாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில், பெரிய ஜன்னலுக்குக் கீழே அக்கா நின்றிருந்தாள். பிற்பகல் வெயில் அவள் உடுப்பில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது.

"வேரோரமா ஊத்தினியா?" என்றாள் அக்கா.

"அக்கா, இங்க வேணாம்."

"இல்ல, எனக்குத் தெரியணும். வேரோரமா ஊத்தினது யாரு?"

"நீ ஊத்தினதைத்தான் நான் சொன்னேன். பேரை மட்டும் மாத்தினேன். நாளைக்கு உன் ஆணையில கையெழுத்து. இன்னிக்கு நீ கையைத் தூக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

"நான் எப்படி மண்ணுல ஊத்தினேன்?"

"என்னது?"

"மண்ணுல எப்படி ஊத்துவேன்டி?" அக்காவின் குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி வைத்தாள். "ஒன்பது மணிக்கு ஒவ்வொரு தொட்டியா எடை போட்டு எழுதறது யாரு? நான். மண்ணுல ஊத்தினா எடை ஏறும். உன் கணக்கு கெடும். அது தெரியாதா எனக்கு? மேசை மேல அட்டை தொங்குது, தொட்டியில தண்ணி ஊத்தாதேன்னு. நான் ஊத்தல. மூடியில விரலை முக்கி இலைக்கு அடியில தடவினேன். ஒவ்வொரு இலைக்கும். ஜுரம் வந்த பிள்ளைக்கு உதட்டை நனைப்போம் பாரு, அப்படி. ஒரு சொட்டுகூட மண்ணுல விழாம கீழ துணியை விரிச்சு வச்சேன்."

சின்னவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வெயிலில் தூசு சுழன்றது. முப்பத்தாறு தொட்டிகள், தொட்டிக்கு ஏழெட்டு இலைகள், இருட்டு விலகாத கண்ணாடி அறை, ஒரு நனைந்த விரல். ஆறு விடியல். இலையின் அடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நாற்பத்து மூன்று புள்ளிகள் கைகோத்தன. வேர் அறியாமல், இலை மட்டும் அறிந்து. பத்து வருடமாக ஒருவர் தேடி அலைகிறது, அக்காவின் ஆள்காட்டி விரலில் இருந்திருக்கிறது.

அவளுக்கு உடம்பெல்லாம் பூத்தது. அடுத்த கணமே குளிர்ந்தது.

"இலையில படலையேன்னு அந்தம்மா கேட்டாங்க," என்றாள், தனக்குள் பேசுவது போல. "நான் இல்லைன்னுட்டேன்."

"ஆமா. நல்லாத் தெரியுமான்னு வேற கேட்டாங்க. நல்லாத் தெரியும்னு நின்ன."

"காலையில நான் உன்கிட்ட கேட்டிருக்கணும். எவ்வளவு, எத்தனை நாள், எத்தனை மணின்னு எல்லாம் கேட்டேன். இதைக் கேக்கல."

"சரி வா. அந்தம்மா இன்னும் கீழதான் இருக்காங்க. வண்டி கிளம்பல. போய்ச் சொல்லிடலாம்."

"சொன்னா யாரு தடவினதுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"உன் வேலை போயிடும்க்கா."

கீழே யாரோ வண்டிக் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அக்காவின் இடது கை தானாகப் போய் வலது தோளைப் பிடித்தது.

"எனக்கு அந்த வேலை வேணும்," என்றாள். "வேணாம்னு வீராப்புப் பேச மாட்டேன். நிரந்தரம்னா மூட்டை தூக்க வேண்டியதில்ல, பதிவேடு மட்டும் பாத்தாப் போதும்னு சொன்னாங்க. இந்தத் தோளுக்கு அது வேணும். ஆனா ஒண்ணு கேளு. ஆறு வருஷமா எடை எழுதறேன். ஒரு கிராம் மாத்தி எழுதினது கிடையாது. மத்தவங்க மறந்தா தோராயமாப் போட்டுருவாங்க, நான் போட மாட்டேன், திரும்பப் போய்த் தூக்கி வைப்பேன். நீ என்னை ஒரு வார்த்தை கேக்காம, அவ்வளவு பேர் முன்னாடி, நான் செய்யாத ஒண்ணை, அதுவும் உன் பேர்ல, பொய்யா எழுதிட்ட."

"உனக்காகத்தானே..."

"எனக்காகன்னு சொல்லாத. செடிக்குத் தண்ணி தடவினப்போ நானும் அதையேதான் சொல்லிக்கிட்டேன், தங்கச்சிக்காகன்னு. அது எங்க கொண்டுவந்து விட்டிருக்கு பாத்தியா?"

பிறகு, நினைத்துப் பார்க்க முடியாத அந்த நேரத்தில், அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சின்னவளுக்கும் வந்தது. படிக்கட்டில் ஏறி வந்த அரைப்புள்ளி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தான் வரவே இல்லை என்பது போல் திரும்பி இறங்கினான்.

சிரிப்பு நின்றதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அவர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சொல்றதா, போட்ட பிறகு சொல்றதா, அதை நீ முடிவு பண்ணு. நான் படிச்சவ இல்ல. ஆனா யாராவது என்னைக் கேட்டா, இலையிலதான்னு சொல்லுவேன். நீ சொன்னதைத் திருப்பிச் சொல்ல என்னால ஆகாது."

அவள் படியிறங்கிப் போனாள். மாலை எடை எடுக்க இன்னும் ஒரு மேசை பாக்கி இருந்தது. நீல உடுப்பு ஒவ்வொரு கட்டம் வெயிலையும் கடந்து, கடைசியில் நிழலுக்குள் போனது.

ஜன்னல் வழியாகச் சின்னவள் கீழே பார்த்தாள். வெளித் தேர்வாளரின் வண்டி வாசல் வரை போய், வெளியே வழி கிடைக்காமல் நின்று, பிறகு வழி கிடைத்துச் சாலையில் திரும்பிப் போனது. ஓடினால் பிடித்திருக்கலாம். அவள் ஓடவில்லை.

ஏழு நாள் தவணை. பட்டத்தையும் அக்காவின் வேலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் அந்த வெள்ளை முடி அம்மாவுக்கும் பேராசிரியருக்கும் மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் அவள் ஒரு வாக்கியம் கடன்பட்டிருந்தாள்: தண்ணீர் பட்டது இலையில், தொட்டது என் அக்கா.